வலது கடைசிக் கயிறு

“விடுடா போர்வையை!”

“நீ விடும்மா முதல்ல. கீழ இறங்கு.”

“என் வீட்டு மாடி, என் கயிறு, என் போர்வை. நடுவுல நீ யாரு?”

“உன் புள்ளைம்மா! எவனாவது சுட்டுட்டா நான்தானே தூக்கிட்டு ஓடணும்?”

மாடிப்படியில் அம்மா கீழே, மகன் மேலே. நடுவில் பச்சைக் கட்டம் போட்ட போர்வை விறைப்பாக நின்றது. தினமும் முப்பது நாற்பது தடவை இப்படி ஆளுக்கொரு முனையைப் பிடித்து, உதறி, நெருங்கி வந்து, மடித்து, விலகுகிறவர்கள்தான் இருவரும். லாண்டரி நடத்துகிற வீட்டில் தாயும் பிள்ளையும் பேசிக்கொள்வதைவிடப் போர்வை மடித்துக்கொள்வதுதான் அதிகம். அன்று யாரும் நெருங்கி வரவில்லை.

படியின் அடியில் மருமகள் ஈரக் கையோடு நின்றிருந்தாள். எந்தப் பக்கமும் பேசாமல் நிற்பது எப்படி என்பதை ஒன்பது வருடத்தில் அந்த வீட்டில் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடம் ஆனாலும் எங்கள் தெருவுக்கு அவள் இன்னும் புதுப்பெண்தான். மாமியாருக்கு லாண்டரியம்மா என்று பெயர். மகனுக்குக் கஞ்சி. சட்டைக்குப் போடுகிற கஞ்சியைத் தனக்கும் கொஞ்சம் போட்டுக்கொண்டவன் போல எப்போதும் விறைத்து நடப்பான். யாராவது அதட்டினால் மட்டும் அந்த விறைப்பு ஒரே முக்கில் கரைந்துவிடும்.

மாடிச் சாவியை மருமகளிடம் கொடுத்து ஒளிக்கச் சொன்னதும் அவன்தான். அவள் அதைக் கஞ்சி மாவு டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தாள். பாவம், வேறு இடமா கிடைக்கவில்லை? அந்த டப்பாவில் ஒரு கரண்டி குறைந்தாலும் லாண்டரியம்மாவுக்குத் தெரியும். நாலாம் நாள் காலையில் கண்டுபிடித்துவிட்டார்.

நாலாம் நாள் என்றால், சண்டை தொடங்கி நாலாம் நாள். எங்கள் தெரு ஆற்றங்கரைத் தெரு. இக்கரை ஒரு நாடு, அக்கரை இன்னொரு நாடு. நடுவில் ஒரு மணல்திட்டு. வெயில்காலத்தில் மட்டும் தலைகாட்டும், மழை வந்தால் முங்கிவிடும். அதில் ஒரு தகரக் கொட்டகை போடக்கூட யாருக்கும் தோன்றியதில்லை. இந்த வருடம் இரண்டு நாடுகளுக்கும் ஒரே வாரத்தில் அதன்மேல் ஆசை வந்தது. ஆளுக்கொரு கம்பு நட்டார்கள். ஒருவர் கம்பை இன்னொருவர் பிடுங்கினார்கள். அப்புறம் சுட்டார்கள்.

முதல் குண்டு வெடித்த காலையில் லாண்டரி மாடியில் ஹோட்டல்காரர்களின் வெள்ளை விரிப்புகள் ஐம்பத்திரண்டு காய்ந்துகொண்டிருந்தன. எங்கள் ராணுவ முகாமிலிருந்து தொலைநோக்கியில் பார்த்த பெரிய அதிகாரிக்கு எங்கள் தெரு எதிரியிடம் சரணடைந்துவிட்டது போலத் தெரிந்ததாம். அதுவும் ஐம்பத்திரண்டு தடவை. பத்து மணிக்குள் கண்ணாடி போட்ட சார்ஜென்ட் ஒருவர் வந்து உத்தரவைப் படித்தார்: ஆற்றைப் பார்த்த மாடிகளில் எந்தத் துணியும் தொங்கக் கூடாது. அவருக்குப் பக்கத்தில் மருந்துக்கடைக்காரர் விசிலோடு நின்றார். யாரும் கேட்காமலே தெருப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவரானவர் அவர்.

“ஒரே ஒரு கலர் போர்வை மட்டும் போட்டுக்கறேன் தம்பி,” என்றார் லாண்டரியம்மா.

“சைகைன்னு சொல்லுவாங்கம்மா.”

“சைகைதான் தம்பி.”

அடுத்த வார்த்தை வருவதற்குள் கஞ்சி முன்னால் பாய்ந்து, “அம்மாவுக்கு ராத்திரி தூக்கமில்ல சார்,” என்று சமாளித்தான்.

ஆனால் அம்மா சொன்னது உண்மைதான். மகளை அக்கரையில் நேரெதிரே இருக்கும் ஒரு பல் டாக்டருக்குக் கட்டிக்கொடுத்துப் பதினான்கு வருடம். அப்போது பாலம் திறந்திருந்தது, அரை மணிக்கொரு பஸ். அப்படியும் அந்தப் பெண் அழுத அழுகையைப் பார்த்து அம்மா ஒரு ஏற்பாடு செய்தார். தினமும் காலை எட்டு மணிக்குள் மாடியின் வலது கடைசிக் கயிற்றில் ஒரு போர்வை. அங்கே சிவப்பு, இங்கே பச்சைக் கட்டம். ஒன்று தொங்கினால் சுகம். இரண்டு தொங்கினால், என்ன விஷயம் என்று கேள்வி. ஒன்றுமே இல்லையென்றால் ஆள் இல்லை. அதுவும் எப்படியோ தொங்கவிடக் கூடாது. நடுவே மடித்துக் கயிற்றில் போட்டு, கீழே இரண்டு முனைகளையும் முடிச்சுப் போட வேண்டும். காற்றில் பறக்காது, கிளிப்பின் பல்லும் பதியாது. மகளுக்கும் அதுதான் பாடம், பிறகு மருமகளுக்கும். ஆற்றின் அகலத்துக்கு அந்த மாடியில் நிற்கிறவரின் சட்டை நிறம் தெரியும், முகம் தெரியாது.

எல்லார் கையிலும் ஃபோன் வந்த பிறகும் அம்மா நிறுத்தவில்லை. “ஃபோன்ல எவளும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவா,” என்பார். “கயித்துல போர்வை இருந்தாத்தான் எழுந்து துவைச்சிருக்கான்னு அர்த்தம்.”

சண்டை தொடங்கிய அன்றே அந்த நாட்டுக்கு ஃபோன் போகாமல் ஆக்கிவிட்டார்கள். அம்மா இஸ்திரி அறையின் ஜன்னலைச் சிறிது திறந்துவைத்து அக்கரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். முதல் நாள் சிவப்புப் போர்வை ஒன்று. இரண்டாம் நாள் இரண்டு. மூன்றாம் நாளும் இரண்டு, இருட்டும்வரை எடுக்கவில்லை. நாலாம் நாள் காலையில் அக்கரைக் கயிறும் காலி.

“பார்த்தியா? நான் செத்துட்டேன்னே முடிவு பண்ணிட்டா!” படியில் நின்று அம்மா கத்தினார். “என் பொண்ணு அங்க எனக்காக அழுதுட்டு உக்காந்திருக்கா. நான் இங்க கல்லு மாதிரி நின்னு இஸ்திரி போட்டுட்டிருக்கேன். இதைவிட அசிங்கம் உண்டா?”

புதுப்பெண்ணுக்கு வேறொன்று தோன்றியது. முந்தின நாள் குண்டுகள் அந்தப் பக்கமும்தான் விழுந்தன. காலிக் கயிறு என்றால் அங்கேயும் ஆள் இல்லை என்றுதானே கணக்கு? அதை அவள் வாயால் சொல்லவில்லை. மாமியாருக்கும் அது தோன்றியிருக்கும். அதனால்தான் அவ்வளவு சத்தம்.

“விடும்மா,” என்று கஞ்சி ஓங்கி ஓர் இழுப்பு இழுத்தான். போர்வை அவன் கைக்கு வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை. அம்மா படியில் உட்கார்ந்திருந்தார்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல. மூச்சு வாங்குது. வயசான பொம்பளையோட மல்லுக்கட்டி ஜெயிச்சிட்டியே, போ, தெருவுல போய்ச் சொல்லிட்டு வா.”

முகம் வெளுத்து, கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. மருமகள் ஓடிப்போய் மருந்துக்கடைக்காரரை அழைத்து வந்தாள். அவர் நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்துவிட்டு, விசிலைத் தடவிக்கொண்டே, “ஆஸ்பத்திரிக்குத் தாமதிக்காம கொண்டு போங்க,” என்றார். ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தால், எல்லைப் பகுதிக்கு வண்டி அனுப்ப மேலிட அனுமதி வேண்டும், அனுமதி தருகிறவர் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள்.

லாண்டரியின் டெலிவரி வேன்தான் மிச்சம். உள்ளே ஹோட்டல் மூட்டைகள். கஞ்சி கையிலிருந்த அதே பச்சைப் போர்வையை மூட்டைகள்மேல் விரித்து, அம்மாவைப் படுக்க வைத்தான். மருமகள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். தெரு தாண்டி, தபாலாபீஸ் தாண்டி, பெரிய சாலை சேருகிற இடத்தில் ஒரு சிப்பாய் கையை நீட்டினான். ராணுவ லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

கஞ்சி இறங்கி ஓடினான். “சார், அம்மா சார், ஆஸ்பத்திரி சார்.”

“இருபது நிமிஷம்.”

“சார், மூச்சு விட முடியல சார்.”

“எனக்குப் புரியுதுங்க. நடுவுல விட எனக்கு அதிகாரம் இல்ல.”

சிப்பாய் நல்லவனாகத்தான் இருந்தான்; தண்ணீர் பாட்டிலைக்கூட எடுத்துக் கொடுத்தான். கெட்டவனாக இருந்திருந்தால் கஞ்சி அவனைத் திட்டியாவது இருக்கலாம்.

வேனுக்குள் புதுப்பெண் லாரிகளை எண்ணினாள். வேறென்ன செய்வது? அந்த வீட்டில் கைக்கு வேலை இல்லாதபோது எதையாவது எண்ணுவார்கள்.

“இது எந்த ரூம் மூட்டைடி?” என்றார் மாமியார், கண்ணை மூடியபடியே.

“எட்டாம் நம்பர், அத்தை.”

“அதான் டீ நாத்தம். விரிப்பு முழுக்கக் கொட்டியிருப்பான். எலுமிச்சை பிழிஞ்சு ஊறவை. சோடாவைக் கொட்டிடாதே, மஞ்சளாப் போயிடும்.”

“சரி அத்தை.”

பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று.

“மோட்டார் நிறுத்தினியா?”

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போட்டது ஏழரை மணிக்கு. அதற்கப்புறம்தான் படியில் போர்வைச் சண்டை.

“நிறுத்திட்டேன் அத்தை,” என்றாள்.

முப்பதாவது லாரி போகும்போது மாமியாரின் கை மூட்டையிலிருந்து சரிந்து அவள் மடியில் விழுந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து எண்ணினாள். மொத்தம் நாற்பத்தொரு லாரி. அப்புறம் சிப்பாய் வழிவிட்டான். கஞ்சி ஓடிவந்து ஏறி, வண்டியைக் கிளப்பி, கண்ணாடியில் மனைவியின் முகத்தைப் பார்த்தான். கொஞ்ச தூரம் போய் மெதுவாகத் திருப்பினான்.

வீட்டுக்கு வந்தபோது தொட்டி நிரம்பி வழிந்து, மாடிப்படி முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அடக்கத்துக்குப் பத்துப் பேருக்கு அனுமதி, அன்றே மதியம் இரண்டிலிருந்து நாலு வரை. பத்துப் பேர் யார் என்பதில் தெருவில் சின்ன மனஸ்தாபம். உயிரோடு இருக்கும்போது அவரிடம் சட்டைப் பொத்தானுக்காகச் சண்டை போட்டவர்கள்தான் முதலில் பெயர் கொடுத்தார்கள். மூன்றரைக்கே மருந்துக்கடைக்காரர் விசில் ஊதிவிட்டார். குழி வெட்டுகிறவர் கஞ்சியைப் பார்த்து, “நெருங்கின சொந்தம் யாராவது வரணுமா? மூடிடலாமா?” என்று கேட்டார். கஞ்சி முகவாயை ஆற்றுப் பக்கம் அசைத்தான். அவருக்குப் புரியவில்லை. மூடிவிட்டார்.

திரும்பி வரும்போது, “தங்கச்சிக்குச் சொல்லணும்,” என்றான்.

“எப்படிங்க சொல்லுவீங்க?”

“கயிறுதான் காலியா இருக்கே. மூணு நாள் முன்னாடியே சொல்லியாச்சு.”

மறுநாள் காலை வாசலில் கண்ணாடி சார்ஜென்ட். பின்னால் இரண்டு பெரிய மூட்டைகள். தொப்பியைக் கழற்றி, “கேள்விப்பட்டேன், வருத்தமா இருக்கு,” என்றார். அப்புறம் தயங்கிக்கொண்டே ஒரு தாளை எடுத்தார்.

“உத்தரவு மாறியிருக்கும்மா. கலர் துணி போடலாம். வெள்ளை மட்டும் கூடாது.”

சங்கதி என்னவென்றால், ஹோட்டலில் இப்போது அதிகாரிகள் தங்கியிருந்தார்கள். அறைக்குள்ளேயே காயப்போட்ட சீருடைகள் நாலு நாளில் நாறத் தொடங்கிவிட்டன. நாற்றத்துக்கு முன்னால் எந்த உத்தரவு நிற்கும்?

புதுப்பெண் தாளைப் பார்க்கவில்லை. “இது நேத்து வந்திருக்கக் கூடாதா சார்?”

சார்ஜென்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நேத்து ஆபீஸ் லீவும்மா.”

சாவு விழுந்த வீட்டில் மறுநாளே மெஷினை ஓட்டினாள் என்று தெருவில் பேசினோம். உண்மைதான், ஓட்டினாள். ராணுவத்தின் மூட்டையைத் திருப்பி அனுப்பும் முறையை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. சீருடைகளை முடித்துவிட்டு, வேனில் கிடந்த பச்சைக் கட்டப் போர்வையைத் தனியாகக் கையால் துவைத்தாள். அதன்மேல்தான் மாமியார் கிடந்தார். அதை அப்படியே எப்படி வைத்திருப்பது? பிழிந்து, வாளியில் எல்லாவற்றுக்கும் மேலாகப் போட்டு மாடிக்கு எடுத்துப்போனாள்.

அந்த மாடியில் எதற்கும் ஓர் இடம் உண்டு. இடதுபக்கக் கயிறுகள் ஹோட்டலுக்கு. நடுக் கயிறுகள் சட்டை, பேன்ட். அவள் கை பதினாறு சீருடைகளை நடுவில் மாட்டியது. பச்சைப் போர்வையை எடுத்து உதறியது, வலது கடைசிக் கயிற்றில் நடுவே மடித்துப் போட்டது, குனிந்து இரண்டு முனைகளையும் இழுத்து முடிச்சுப் போட்டது. மனம் அப்போது எட்டாம் நம்பர் அறையின் டீக்கறையில் இருந்தது. எலுமிச்சை வாங்க வேண்டும். கீழே போய்விட்டாள்.

அரை மணி கழித்து மருந்துக்கடைக்காரரின் விசில். அவர் மாடியிலிருந்து கத்தினார்: “புதுப்பெண்ணு! ஏம்மா! அக்கரையைப் பாரு! என்னமோ பண்றாங்க!”

புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக மேலே ஓடினார்கள்.

அக்கரையில் அந்த மாடி நிறைந்திருந்தது. சிவப்புப் போர்வை. பக்கத்தில் நீலப் போர்வை. மஞ்சள் மேஜை விரிப்பு, ஜன்னல் திரைகள், துண்டுகள், பல் டாக்டரின் பச்சை அங்கிகள். ஒன்றும் ஈரமாகத் தெரியவில்லை. பீரோவிலிருந்து அப்படியே அள்ளிக்கொண்டு வந்திருக்க வேண்டும். மஞ்சள் சட்டை போட்ட ஓர் உருவம் கயிற்றுக்குக் கயிறு ஓடிக்கொண்டிருந்தது. இடம் தீர்ந்ததும் கைப்பிடிச் சுவரில் எதையோ விரித்துப் போட்டது.

உயிரோடுதான் இருந்தாள்.

கஞ்சி முதலில் சிரித்தான். அப்புறம்தான் திரும்பி, வலது கடைசிக் கயிற்றைப் பார்த்தான்.

“யார் போட்டது?”

“நான்தான்.”

“ஏன்?”

“துவைச்சேன். காயப்போட்டேன்.”

“இங்க ஏண்டி போட்ட?”

“அதோட இடம் இதுதானே?” சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

கஞ்சி போய்ப் போர்வையின் முடிச்சில் கை வைத்தான். ஈர முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினான். அக்கரையில் மஞ்சள் சட்டை இப்போது அசையாமல் நின்று இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

“எடுத்தா என்ன நினைப்பா?” என்றான், திரும்பாமல்.

“போயிட்டாங்கன்னு நினைப்பா.”

“அதானே நிஜம்.”

“ஆமா. ஆனா ஒரு தடவை அழுது முடிச்சிட்டா. இப்பதான் எழுந்து வந்திருக்கா.”

அவன் முடிச்சை விட்டான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, யாரிடமோ கோபித்துக்கொண்டவன் போலத் தடதடவென்று படியிறங்கிப் போனான். நேற்று அதே படியில் அதே போர்வையை அவ்வளவு பலமாக இழுத்தவன்.

சாயங்காலம் உலர்ந்த துணிகளோடு போர்வையையும் எடுத்தாள். மறுநாள் எட்டு மணிக்கு முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் சமையலறையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்க்காமல் டீ குடித்தார்கள். ஏழே முக்காலுக்கு அவள் எழுந்து போர்வையை நனைத்தாள்.

தெரு இரண்டாகப் பிரிந்தது. பெற்ற தாய்க்கு அழவிடாமல் ஒரு பெண்ணை ஏமாற்றுவது பாவம் என்றது ஒரு கட்சி. சண்டைக்கு நடுவில் தனியாக அழுது அவள் என்ன செய்யப்போகிறாள், இருக்கட்டும் என்றது இன்னொரு கட்சி. மருந்துக்கடைக்காரர் இரண்டிலும் இருந்தார், யார் மாத்திரை வாங்க வந்தார்கள் என்பதைப் பொறுத்து. கஞ்சி வேறொரு நாடு வழியாகத் தங்கைக்குக் கடிதம் அனுப்பப் போவதாக மூன்று முறை உறை வாங்கினான். மூன்றும் மேஜை இழுப்பறையில் இருந்தன. இஸ்திரிக்குப் போனவர்கள் பார்த்தோம்.

மழை வந்தது. மணல்திட்டு, நட்ட கம்புகளோடு முங்கியது. சண்டையிட இடமில்லாமல் போர்நிறுத்தம் என்றார்கள். இரண்டு பக்கமும் வெற்றி என்றார்கள். பாலத்தையும் ஃபோனையும் திறப்பது பற்றிப் பேச்சுவார்த்தை தொடங்கியிருப்பதாகச் சொன்னார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

அடுத்த வருடம் மருந்துக்கடைக்காரரின் தங்கையைக் கண்ணாடி சார்ஜென்ட் கட்டிக்கொண்டார். விசில் ஊதி ஊதித்தான் மாப்பிள்ளை பிடித்தார் என்று தெரு சொன்னது. ஹோட்டல் நிரந்தரமாக ராணுவத்தோடு போயிற்று, அவர்கள் சொந்தமாக மெஷின் வாங்கிக்கொண்டார்கள். லாண்டரிக்கு வேலை குறைந்தது. கஞ்சியும் புதுப்பெண்ணும், பஸ்ஸில் ஆறு மணி நேரம் தள்ளி, ஆறே இல்லாத ஓர் ஊருக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்கு டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருவர் மனைவியோடு குடிவந்தார். சாவியைக் கொடுக்கும்போது புதுப்பெண் அந்த மனைவிக்கு மோட்டார் ஸ்விட்சைக் காட்டினாள். அப்புறம் பச்சைப் போர்வையை மடித்துக் கையில் வைத்தாள்.

“தினம் எட்டு மணிக்குள்ள மாடியில வலது கடைசிக் கயித்துல போட்டுடும்மா. சாயங்காலம் எடுத்துடு.”

“எதுக்குக்கா?”

“அது அப்படித்தான்.”

வாடகை குறைவு. அந்தப் பெண் மேற்கொண்டு கேட்கவில்லை, தவறாமல் போட்டாள். தெருக்காரர்கள் நாங்கள் அவளுக்கு முழுக்கதையையும் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டோம் என்பது வேறு விஷயம்.

போன மாதம் ஏதோ கையெழுத்துக்காகக் கஞ்சியும் மனைவியும் வந்தார்கள். அவன் வாசலில் வேனை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். அவள் மட்டும் மாடிக்குப் போனாள். பச்சைப் போர்வை கிளிப் மாட்டி, முழு நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. நடுப்பகுதி நைந்து வெளிச்சம் தெரிந்தது. மடித்து முடிச்சுப் போடும் விஷயத்தை அந்தப் பெண்ணுக்குச் சொல்ல மறந்திருக்கிறாள்.

அக்கரையில் சிவப்புப் போர்வை இருந்தது. அதுவும் முழு நீளத்துக்குத் தொங்கியது.

அவள் அதன் கீழ் முனைகளில் முடிச்சைத் தேடினாள். கீழே வேன் இரண்டு முறை ஹாரன் அடித்தது. அவள் கிளிப்புகளைக் கழற்றி, பச்சைப் போர்வையை நடுவே மடித்துப் போட்டு, குனிந்து இரண்டு முனைகளையும் இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

“அக்கரையில போட்டிருக்காளா?” என்று கேட்டான் கஞ்சி.

“போட்டிருக்கு,” என்றாள். கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். “போங்க, ஆறு மணி நேரம் ஓட்டணும்.”